பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்

புளூமிங்டனில் இருக்கும் மால் ஆஃப் அமெரிக்காவுக்குள் ஒரு தீம் பார்க் உண்டு. ராட்டினச் சத்தத்துக்கும் பாப்கார்ன் வாசனைக்கும் நடுவே, தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். ஐந்து மூலைகள் கொண்ட தகடு. ஊரிலிருந்து யார் வந்தாலும் அந்த மாலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். அதனால் மூன்று நான்கு முறை தெரியாமலேயே அதை மிதித்துக் கடந்திருப்பேன். அது என்ன என்று காட்டித் தந்தவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

மால் வருவதற்கு முன்னால் அங்கே மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம் இருந்தது. மினசோட்டா ட்வின்ஸ் பேஸ்பால் அணி 1961 முதல் 1981 வரை ஆடிய மைதானம். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட் இருந்த இடத்தில்தான் அந்தத் தகடு. அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், தண்ணீர்ச் சறுக்குக்கு மேலே சுவரில் ஒற்றைச் சிவப்பு நாற்காலி தெரியும். 1967-இல் ஹார்மன் கில்லிப்ரூ அடித்த 520 அடி ஹோம் ரன் போய் விழுந்த இடத்தின் அடையாளம் அது. வருகிறவர்கள் எல்லாம் நாற்காலியைப் படம் எடுக்கிறார்கள். பெரியவர் நாற்காலியைப் பார்க்கவில்லை. தகட்டின் மேல் நின்றபடி, நேர் எதிரே அறுபதடி தூரத்தில் குழந்தைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரு இடத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

"1965 அக்டோபர் 14. அங்க நின்னுதான் எங்க டீமைக் கொன்னான்."

"யாரு?"

"சாண்டி கோஃபாக்ஸ். எங்க ஆளு."

எங்க டீம். எங்க ஆளு. அடுத்தடுத்து இரண்டு வாக்கியத்தில் இரண்டு 'எங்க'. அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் பேசுவதை என் மனம் எப்போதும் இப்படித்தான் மொழிபெயர்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று. என் காதில் அவர் சொல்வது 'நீ' என்றே விழும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதுபோல.

*

கோஃபாக்ஸைப் பற்றி அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1935-இல் புரூக்ளினில் பிறந்த யூதர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கைப் பிட்சர், நம் கணக்கில் பந்துவீச்சாளர். 1965 அவருடைய உச்சம். அந்த சீசனில் 26 ஆட்டங்களை வென்று, 382 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அது அன்றைக்குச் சாதனை. செப்டம்பர் 9 அன்று ஓர் ஆட்டத்தில் எதிரணியின் 27 பேர் வர, 27 பேரையும் முதல் பேஸைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினார். முழங்கை மூட்டுவாதத்தோடு வீசிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு முடிவிலேயே, 30 வயதில், ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த 1965-இல் டாட்ஜர்ஸும் ட்வின்ஸும் உலகத் தொடரில் மோதின. ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்பவர்களுக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் அணியின் மிகச் சிறந்த பிட்சரை இறக்குவார்கள். அப்போதுதான் இடையில் ஓய்வு கொடுத்து அவரை இன்னும் இரண்டு முறை பயன்படுத்தலாம். முதல் ஆட்டம் அக்டோபர் 6, புதன்கிழமை. அன்று யோம் கிப்பூர்.

யோம் கிப்பூர் யூதர்களின் பாவமன்னிப்பு நாள். மாலையில் தொடங்கி மறுநாள் இருட்டும்வரை ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம் சோறு தண்ணீர் கிடையாது, வேலை கிடையாது. வருடம் முழுக்க ஜெபக்கூடத்தின் பக்கமே போகாதவர்களும் அன்று போவார்கள். கோஃபாக்ஸ் அன்று வீசமாட்டேன் என்றார். அறிக்கை, பேட்டி என்று எதுவும் இல்லை. முந்தைய ஆண்டுகளிலும் அந்த நாளில் அவர் வீசியதில்லை, அவ்வளவுதான். பின்னால் எழுதிய சுயசரிதையில், தான் எந்த முடிவும் எடுக்கவில்லை, எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை என்ற தொனியிலேயே சொல்லிக் கடந்துவிடுகிறார்.

அவருக்குப் பதிலாக டான் டிரைஸ்டேல் வீசினார். அவரும் சாமானியர் இல்லை. ஆனால் மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் ஏழு ரன் போய்விட்டது. பந்தை வாங்க வந்த மேனேஜரிடம், நானும் யூதனாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்கிறீர்கள்தானே என்று டிரைஸ்டேல் கேட்டதாக ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. டாட்ஜர்ஸ் 8-2 என்று தோற்றது.

*

பெரியவருக்கு அப்போது பத்து வயது. செயின்ட் பாலின் ஹைலேண்ட் பார்க் பகுதியில், இன்றைக்கு நாங்கள் இருவரும் குடியிருக்கும் தெருவுக்கு நான்கு தெரு தள்ளி அவர்கள் வீடு. குடும்பத்தோடு போகும் ஜெபக்கூடம் டெம்பிள் ஆஃப் ஆரன், மிசிசிப்பிக் கரையோரச் சாலையில் இருப்பது. அன்று அப்பாவோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார். பசி. தொண்டை காய்கிறது. (பத்து வயதுப் பையனுக்கு நோன்பு கடமை இல்லை. ஆனால் கோஃபாக்ஸ் இருக்கிறார் என்றால் நானும் இருப்பேன் என்று வீம்பாக இருந்தாராம்.) ஆற்றுக்கு அந்தப் பக்கம், சில மைல் தூரத்தில், அவருடைய அணி ஆடிக்கொண்டிருக்கிறது. கட்டடத்தைப் பராமரிப்பவர் யூதர் இல்லை. அவரிடம் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. ஸ்கோர் அவர் வழியாக வாசலுக்கு வந்து, பெரியவர்களின் தாடிகளுக்கு இடையே நழுவி, பையன்களின் வரிசைக்கு வந்து சேர்ந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் ஆறு ரன்!

"நான் எதுக்கு சந்தோஷப்படணும்? எங்க டீம் ஜெயிக்குது. ஏன் ஜெயிக்குது? எங்க ஆளு நோன்பு இருக்கான், அதனால. அவன் வரலையேன்னு பெருமை. அவன் வரலைங்கிறதால டீம் ஜெயிக்குதேன்னு சந்தோஷம். பாவமன்னிப்பு நாள்ல உட்கார்ந்துகிட்டு இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கிட்டிருந்தேன்."

எட்டு நாள் கழித்து அந்தக் கணக்கு நேரானது. மறுநாள் இரண்டாவது ஆட்டத்தில் வீசித் தோற்ற கோஃபாக்ஸ், ஐந்தாவது ஆட்டத்தில் ட்வின்ஸை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. தொடர் 3-3. ஏழாவது ஆட்டம் மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியத்தில், வியாழக்கிழமை. இரண்டே நாள் ஓய்வோடு வந்து நிற்கிறார். கர்வ் பந்து கையிலிருந்து சரியாக விழவில்லை. வெறும் வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்பது இன்னிங்ஸும் வீசினார். டாட்ஜர்ஸ் 2, ட்வின்ஸ் 0. கடைசி இரண்டு பேரும் ஸ்ட்ரைக் அவுட்.

பையனின் வகுப்பில் டீச்சர் ரேடியோவை மேசைமேல் வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் வகுப்பே உம்மென்று ஆகிவிட்டது. அங்கே ஏழெட்டு யூதப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் ட்வின்ஸ் ரசிகர்கள்தான். ஆனால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை. முன் பெஞ்சுப் பையன் திரும்பி, கோபமெல்லாம் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னான்: "உங்க ஆளுதானே ஜெயிச்சான். உனக்கென்ன?"

அந்த ஒரு சொல்லில் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. உங்க ஆளு. பாகிஸ்தான் மேட்ச் நடக்கும் நாளில் டீக்கடையில் நிற்கும்போது எனக்கு அது எந்தக் குரலில் வரும் என்று தெரியும். மேலப்பாளையத்தில் வளர்ந்தவனுக்கு அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. கும்ப்ளே 1999-இல் பத்து விக்கெட் எடுத்தபோது தெருவில் நான் போட்ட கூத்தை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வாசிம் அக்ரமின் யார்க்கரைப் பார்த்து 'என்னா பந்துடா' என்று ஒருமுறை சொன்னதை மட்டும் இரண்டு வருடம் வைத்திருந்தார்கள்.

*

நானும் இடக்கைப் பந்துவீச்சாளன்தான். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கோஃபாக்ஸ் பெயரை எழுதிய கையோடு எழுதும் வாக்கியமா இது. கல்லூரி அணியில் நான்தான் ஒரே முஸ்லிம், எல்லோருக்கும் நான் 'பாய்'. பிரியமாகத்தான் கூப்பிடுவார்கள். 2008-இல் பாளையங்கோட்டையில் ஓர் அரையிறுதி, வெள்ளிக்கிழமை. அதற்கு முன் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் ஜும்மாவை விட்டுவிட்டு ஆடியிருக்கிறேன். அன்று வாப்பா சவூதியிலிருந்து மூன்று வருடம் கழித்து லீவில் வந்திருந்தார். காலையில் பல் விளக்கிக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக, "இன்னைக்கு ஜும்மாவுக்குச் சேர்ந்தே போவோமாடே?" என்று கேட்டார்.

கேப்டனுக்கு போன் போட்டு, காய்ச்சல் என்றேன்.

பதினாறு வருடமாக இதை எனக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருக்கிறேன். தொழப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அது நான் எடுத்த முடிவாக இருந்திருக்காது. 'நாங்கள்' எடுத்த முடிவாகியிருக்கும். வாப்பா மூன்று வருடம் கழித்து வந்திருப்பது, அவர் நரைத்துப்போயிருந்தது, பள்ளிக்குப் போகும் வழியில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போவது, இது எதுவும் அதில் நிற்காது. 'அவங்கல்லாம் அப்படித்தான், மேட்ச்சாவது மண்ணாவது' என்ற ஒரே வரியில் போய்ச் சேரும். காய்ச்சல் என்பது என்னுடையதாக மட்டும் இருக்கும். அதனால் காய்ச்சல்.

அணி தோற்றது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் ஊருக்குப் போனபோது உம்மா போகிறபோக்கில் சொன்னாள்: அன்று மத்தியானம் கேப்டன் ரொட்டியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறான். "புள்ள பள்ளிக்குப் போயிருக்கான்"னு இவள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு நாங்கள் சேர்ந்து ஆடிய இரண்டு வருடமும் கேட்கவில்லை. அது பெருந்தன்மையா, அல்லது அவனும் அந்த ஒரு வரியில் என்னைக் கட்டி வைத்துவிட்டானா என்று எனக்குத் தெரியாது.

*

கோஃபாக்ஸுக்கு முப்பத்தொரு வருடம் முன்னால், டெட்ராய்டில் ஹாங்க் கிரீன்பெர்க்குக்கு இதே சிக்கல் இன்னும் குழப்பமாக வந்தது. எனக்கு உண்மையில் அவரைத்தான் அதிகம் பிடிக்கும். ருமேனியாவிலிருந்து வந்த, ஆசாரமான பெற்றோரின் மகன். 1934-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் கால் நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முறையாகச் சாம்பியன் பட்டத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. யூதர்களுக்கு எதிராக ஹென்றி ஃபோர்டு தன் பத்திரிகையில் வருடக்கணக்கில் எழுதவைத்த ஊர் அது. செப்டம்பர் 10 யூதப் புத்தாண்டு, ரோஷ் ஹஷானா. ஆடலாமா கூடாதா என்று ஊரே விவாதிக்கிறது. ரப்பிகளிடம் போய்க் கேட்கிறார்கள், செய்தித்தாள்கள் எழுதுகின்றன. கடைசியில் ஆடினார். டைகர்ஸ் 2-1 என்று வென்றது. அந்த இரண்டு ரன்னும் அவர் அடித்த இரண்டு ஹோம் ரன்கள்.

ஒன்பது நாள் கழித்து யோம் கிப்பூர். அன்று ஆடவில்லை. அணி நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. ஷாரே ஜெடெக் ஜெபக்கூடத்துக்குள் அவர் நுழைந்தபோது தொழுகை நின்று, கூட்டம் கைதட்டியது. எட்கர் கெஸ்ட் என்கிற பிரபலக் கவிஞர் அவரைப் பாராட்டிக் கவிதை எழுதினார். அதற்குள் டைகர்ஸ் நல்ல முன்னிலையில் இருந்தது, ஓர் ஆட்டம் போனால் பெரிய நஷ்டமில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கைதட்டியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். ஒன்பது நாள் முன்னால் ஆடியதற்கும் அவர்கள் கைதட்டியிருப்பார்கள், மனதுக்குள். மகனுக்கு இரண்டும் வேண்டும். அவன் எல்லோரையும்போல இந்த ஊர்க்காரன் என்று காட்ட ஒரு நாள், இன்னும் நம்மவன்தான் என்று காட்ட ஒரு நாள்.

இந்தக் கணக்கு கோஃபாக்ஸிடமும் உண்டு. யாரும் அதைப் பேசுவதில்லை. அவர் ஒரு ரன்கூடக் கொடுக்காத அந்த ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் 11 அன்று நடந்தது. யோம் கிப்பூருக்கு ஐந்து நாள் கழித்து வரும் சுக்கோத் பண்டிகையின் முதல் நாள். சட்டப்படி அன்றும் வேலை செய்யக் கூடாது. பெரியவரிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "எங்க அப்பா அன்னைக்கு வேலைக்குப் போனார். கோஃபாக்ஸும் வேலைக்குப் போனான். எங்க தெருவுல யாரும் இதைப் பத்திப் பேசல."

பின்னால் வந்தவர்கள் ஆளுக்கொரு கோடு போட்டுக்கொண்டார்கள். 2004-இல் டாட்ஜர்ஸ் வீரர் ஷான் கிரீன், யோம் கிப்பூர் தொடங்கும் வெள்ளி இரவு ஆடி, வெற்றிக்கான ஹோம் ரன்னும் அடித்துவிட்டு, சனிக்கிழமை ஆடாமல் உட்கார்ந்தார். பாதி இருந்தால் போதுமா என்று கேலி செய்தவர்கள் உண்டு. 2021-இல் ஜேக்கப் ஸ்டைன்மெட்ஸ் என்ற ஆசாரமான பையனை அரிசோனா அணி எடுத்தது. சனிக்கிழமைகளில் ஆடுவான், ஆனால் வண்டி ஏறமாட்டான். நடந்தே மைதானத்துக்குப் போவதற்காகப் பக்கத்தில் தங்குவான். அதே ஆண்டு வாஷிங்டன் அணி எடுத்த எலி கிளிக்மன், ஓய்வு நாளில் ஆடவே மாட்டேன் என்றான். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மதம். நல்லவேளை, வெளியிலிருந்து பார்ப்பவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

*

நோன்பைப் பற்றிப் பேசித்தான் நாங்கள் முதலில் நெருங்கினோம். யோம் கிப்பூர் அவர்களின் திஷ்ரி மாதம் பத்தாம் நாள். எங்கள் ஆஷுரா முஹர்ரம் பத்தாம் நாள். மதீனாவில் யூதர்கள் அன்று நோன்பிருந்ததைப் பார்த்துத்தான் நபிகள் அந்த நோன்பைச் சொன்னார்கள் என்று ஹதீஸ் உண்டு. உம்மா இன்றைக்கும் ஒன்பதும் பத்துமாக இரண்டு நாள் பிடிப்பாள். இதைச் சொன்னபோது பெரியவர் பனி அள்ளும் மண்வாரியை ஊன்றி நின்று, "அப்போ உங்க அம்மா எங்களைவிட ஒரு நாள் முன்னால போயிட்டாங்க" என்றார்.

2023 அக்டோபருக்குப் பிறகு சில வாரங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டை எதுவும் இல்லை. அவர் வீட்டில் ஒரு டிவி, என் வீட்டில் ஒரு கைபேசி; இரண்டிலும் வேறு வேறு பிணங்கள். காரை எடுக்கும்போது கையை உயர்த்துவோம், அவ்வளவுதான். நவம்பர் இறுதி வாக்கில் ஒரு காலை எழுந்து பார்த்தால் இரண்டு வீட்டு நடைபாதையிலும் பனி அள்ளியிருந்தது. அவர்தான் அள்ளினார் என்கிறேன். அதற்கு முந்தைய வாரம் நான்தான் முதலில் அள்ளினேன் என்கிறார் அவர். அந்த விஷயத்தை நாங்கள் இன்னும் பேசவில்லை. பேஸ்பால் பேசுகிறோம். இது கோழைத்தனமாக இருக்கலாம்.

அடுத்த கோடையில் என் தங்கச்சி மகன் வந்திருந்தபோது, மாலுக்குப் போகிறோம் என்றதும், நானும் வருகிறேன் என்று அவராகவே காரில் ஏறிக்கொண்டார். அப்படித்தான் அந்தத் தகட்டின் மேல் நின்றது.

அங்கேதான் எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். யோம் கிப்பூர் காலைத் தொழுகை. அப்பா அவர் தாடையைப் பிடித்து மெல்லப் பின்பக்கம் திருப்புகிறார். "உத்துப் பார்க்காத. ஆனா பார்த்து வெச்சுக்கோ." கடைசி வரிசையில் உயரமாக ஒருவர், கறுப்புக் கோட்டு. முகத்தைக் கையால் மூடியிருந்தார். "எவ்வளவு பெரிய கை தெரியுமா? முகம் தெரியல. கையைத்தான் பார்த்தேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. ஏனென்றால் நான் ஜேன் லீவி எழுதிய கோஃபாக்ஸ் வாழ்க்கை வரலாற்றைப் படித்திருந்தேன். 2002-இல் வந்த புத்தகம். கோஃபாக்ஸைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பலர். டெம்பிள் ஆஃப் ஆரனின் ரப்பியே பிற்காலத்தில் அப்படிச் சொன்னார். ஆனால் லீவியிடம் கோஃபாக்ஸின் நண்பர்கள் சொன்னது வேறு. அவர் அன்று எந்த ஜெபக்கூடத்துக்கும் போகவில்லை. செயின்ட் பாலில் ஓட்டல் அறையில் தனியாக இருந்தார்.

அதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமே வரவில்லை, நிம்மதிதான் வந்தது. ஊர் முழுக்க அவருக்காக ஒரு இருக்கையைத் துடைத்து வைத்திருக்க, அவர் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கிறார். காரணத்தை மறைக்கவில்லை, பொய் சொல்லவில்லை, ஆனால் தன்னை யாரிடமும் கொடுக்கவும் இல்லை. எனக்குத் தேவையாக இருந்தது அப்படி ஒரு அறைதான். அது கிடைக்காததால் காய்ச்சலுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

ஆனால் பெரியவரிடம் எப்படிச் சொல்வது? அறுபது வருடமாக ஒரு கையை வைத்துக்கொண்டிருக்கிறார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். என் முகம் காட்டிக் கொடுத்துவிட்டது போல.

"லீவி புத்தகம்தானே?" என்றார். "என்கிட்டயும் இருக்கு. வந்த வாரமே வாங்கிட்டேன். அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. நல்லவேளை, அப்பா அதுக்கு முன்னாலயே போயிட்டார்."

தங்கச்சி மகன் நாற்காலியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு சிறுமிகள் தகட்டை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். பெரியவர் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"ஆனா ஒண்ணு. கடைசி வரிசையில ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அது நிஜம். உயரமா, பெரிய கை. யாரோ வெளியூர் ஆளு. நோன்புக்கு எங்கயாவது உட்காரணுமேன்னு வந்திருப்பார். ஏதாவது சேல்ஸ்மேனா இருக்கும். கோயில் முழுக்கப் பையன்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் திரும்பித் திரும்பி அவரையே பார்க்கிறோம். எங்க அப்பா மாதிரி ஆளுங்க அவருக்குத் தலையைக் குனிஞ்சு வணக்கம் வேற சொல்றாங்க." தகட்டைக் காலால் ஒருமுறை தேய்த்தார். "பாவம், அந்த மனுஷன் என்ன நெனச்சுக்கிட்டிருந்திருப்பார்? நான் இப்ப அவரைப் பத்தித்தான் யோசிக்கிறேன்."

பிறகு அவருக்கு ஐஸ்கிரீம் வேண்டும் என்றார். சர்க்கரை இருக்கிறது, வீட்டில் சொல்லக் கூடாது என்று என்னிடமும் பையனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.